பார்த்தது ஒன்று, எழுதப்பட்டது ஒன்று: அகமதாபாத்தும் வேங்கைவயலும்

2025 ஜூன் 12, வியாழக்கிழமை மதியம் அகமதாபாத்தில் ஏர் இந்தியாவின் 171ஆம் எண் விமானம் விழுந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை புதுக்கோட்டையில் எங்கள் வாசிப்பு வட்டம் கூடியது. அன்று பாபாசாகேபின் ‘சாதி ஒழிப்பு’ படிப்பதாக ஏற்பாடு. ஒரு பக்கம்கூட நகரவில்லை. வந்திருந்த பன்னிரண்டு பேரும் கையில் போனை வைத்துக்கொண்டு விமானத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு மாணவி, வானத்திலேயே தீப்பிடித்ததைப் பார்த்ததாகச் சொன்னார். இல்லை, பறவை மோதியது என்றார் இன்னொருவர். இறக்கையின் பின்பக்கம் இறங்க வேண்டிய ஃபிளாப் இறங்கவே இல்லை, விமானி மறந்துவிட்டார், வீடியோவில் அப்பட்டமாகத் தெரிகிறது என்றார் மூன்றாமவர். சத்தம் கூடிப்போய் பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்தார். இத்தனைக்கும் எல்லோரும் பார்த்தது ஒரே வீடியோவை. அதுவும் ஒரு திரையில் ஓடியதை இன்னொரு போனில் பிடித்த மங்கலான பதிவு.

ஒரு மாதம் கழித்து, ஜூலை 12 அன்று விமான விபத்துப் புலனாய்வுப் பிரிவின் முதற்கட்ட அறிக்கை வெளியானது. விமானம் போன பாதையில் குறிப்பிடும்படியான பறவை நடமாட்டம் இல்லை. ஃபிளாப் நெம்புகோல், மேலெழும்போது இருக்க வேண்டிய 5 டிகிரி நிலையிலேயே இருந்தது. இரண்டு இன்ஜின்களுக்கும் எரிபொருளைத் திறந்து மூடும் சுவிட்சுகள், ஒரு விநாடி இடைவெளியில் அடுத்தடுத்து ‘மூடு’ நிலைக்குப் போயின. பத்து விநாடி கழித்துத் திரும்பவும் திறக்கப்பட்டன. அதற்குள் உயரம் போதவில்லை. 242 பேரில் ஒருவர்தான் பிழைத்தார். மருத்துவக் கல்லூரி விடுதியிலும் சுற்றுப்புறத்திலும் இருந்த 19 பேரையும் சேர்த்து 260 உயிர்கள் போயின.

எங்கள் வட்டத்தின் மூன்று ‘சாட்சிகளும்’ அன்று பொய் சொல்லவில்லை. அவர்கள் சொன்னதை அவர்கள் உண்மையாகவே நம்பினார்கள். இதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது. ஏனென்றால் நம் வேலையே சாட்சிகளோடுதான். ஒரு வன்கொடுமை நடந்தால் முதலில் ஓடுவது நாம். யார் பார்த்தார்கள், என்ன பார்த்தார்கள் என்று கேட்டு எழுதுவது நாம். பிறகு நீதிமன்றத்தில் ‘சாட்சிகள் முன்னுக்குப் பின் முரண்’ என்ற ஒரு வரியில் வழக்கு விழும்போது தலையில் கை வைத்து உட்காருவதும் நாம்தான்.

விமான விபத்துகளை விசாரிப்பவர்களுக்கு முரண் புதிதல்ல. 2001 நவம்பர் 12 அன்று நியூயார்க்கில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 587 என்ற விமானம் கிளம்பிய சில நிமிடங்களில் குடியிருப்புப் பகுதியில் விழுந்தது. 265 பேர் இறந்தார்கள். பட்டப்பகல், தெளிந்த வானம், கீழே நூற்றுக்கணக்கானவர்கள். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 349 பேரின் வாக்குமூலங்களைத் தொகுத்தது. பாதிக்கு மேற்பட்டவர்கள், 52 சதவீதம் பேர், விமானம் விழும் முன்பே தீயைப் பார்த்ததாகச் சொன்னார்கள். 22 சதவீதம் பேர் புகையைப் பார்த்தார்கள். 20 சதவீதம் பேர் புகையே இல்லை என்றார்கள். விமானம் வலப்பக்கம் திரும்பியது என்றவர்கள் 18 சதவீதம். இடப்பக்கம் என்றவர்களும் அதே 18 சதவீதம். கடைசியில் தெரியவந்த காரணம் வேறு. சுக்கானை மாற்றி மாற்றி அளவுக்கு மீறி இயக்கியதால் வால்பகுதியின் செங்குத்துத் தகடு பிய்ந்து போயிருந்தது.

அந்த 349 பேரில் யாரையும் பொய்ச்சாட்சி என்று யாரும் சொல்லவில்லை. விமானத்திலிருந்து ஏதோ ஒன்று பிரிந்து விழுந்ததைப் பார்த்தோம் என்று 57 சதவீதம் பேர் சொல்லியிருந்தார்கள். அது உண்மைதான். பாதி தவறாகச் சொன்ன மனிதர் மீதிப் பாதியைச் சரியாகச் சொல்ல முடியும் என்பது அங்கே விசாரணையின் அரிச்சுவடி.

இதைவிட விசித்திரமான ஒன்று நெதர்லாந்தில் நடந்தது. 1992 அக்டோபரில் ஆம்ஸ்டர்டாமில் ஓர் இஸ்ரேலிய சரக்கு விமானம் அடுக்குமாடிக் குடியிருப்பில் மோதியது. மோதிய அந்தக் கணத்தை யாரும் படம் பிடிக்கவில்லை. சில மாதங்கள் கழித்து மூன்று ஆய்வாளர்கள் மக்களிடம், “விமானம் மோதும் காட்சியை டி.வி.யில் பார்த்தீர்களா?” என்று கேட்டார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் ‘பார்த்தோம்’ என்றார்கள். இல்லாத படத்தைப் பார்த்ததாக! கேள்வியே காட்சியைக் கொடுத்துவிட்டது. எரியும் கட்டடத்தைச் செய்தியில் பார்த்தது, பக்கத்து வீட்டில் கேட்டது எல்லாம் சேர்ந்து ஒரு நினைவாகக் கட்டிக்கொண்டது. எங்கள் வட்டத்தில் இதைச் சொன்னபோது தீயைப் பார்த்த மாணவி ரொம்ப நேரம் பேசவில்லை.

இப்போது எங்கள் கதை ஒன்று. பெருமைக்குரியதல்ல.

சில ஆண்டுகளுக்கு முன் இந்த மாவட்டத்தின் ஒரு கிராமத்தில், கோயில் திருவிழாவை ஒட்டி நம் பையன்கள் இருவரை மறித்து அடித்தார்கள். மறுநாளே உண்மை கண்டறியப் போனோம். சேரியில் வேப்பமரத்தடியில் பாய் விரித்து எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்துக் கேட்டோம். ஓர் ஆயா, “வெளக்கு வைக்கிற நேரம்” என்றார். ஓர் அக்கா, “கடைசி பஸ் போன பெறகு” என்றார். ஒரு தம்பி ஆறரை மணி என்றார். நாங்கள் படித்தவர்கள் அல்லவா? “ஆயா, சரியா நெனச்சுப் பாருங்க, ஆறரைதானே?” என்று கேட்டுக் கேட்டு, சாயங்காலத்துக்குள் எல்லோரையும் ஆறரைக்குக் கொண்டுவந்துவிட்டோம். அறிக்கை அழகாக வந்தது. ஒரே நேரம், ஒரே வரிசை, ஒரே வாசகம்.

வழக்கு விசாரணைக்கு வந்தபோது எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேலையே இல்லை. நான்கு பேரும் ஒரே வார்த்தைகளில் பேசுகிறார்களே, யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். ஆயா திகைத்துப் போய், “அவுக வந்து கேட்டாக, சொன்னேன்” என்றார். காவல் நிலையத்தில் எழுதிய வாக்குமூலத்தில் நேரம் எட்டு மணி என்று இருந்தது. அது எப்படி வந்தது என்று ஆயாவுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. உண்மையைச் சொன்ன ஆயா கூண்டில் பொய்க்காரியாக நின்றார். எங்களுக்காக வழக்கை நடத்திய அண்ணன் அன்றைக்குத் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. மூன்று பேர் மூன்று நேரம் சொல்லியிருந்தால்தான் மூன்று பேரும் அங்கே இருந்தார்கள் என்று அர்த்தம், அதை அழித்துவிட்டு வந்திருக்கிறீர்களே என்றார்.

காவல்துறை எழுதும் வாக்குமூலத்தின் சங்கதி நம் தோழர்கள் பலருக்குத் தெரிவதில்லை. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 161, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 180. அதன்படி விசாரணை அதிகாரி எழுதும் வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்திட வேண்டியதில்லை, வாங்கவும் கூடாது. சாட்சி சொன்னதை அதிகாரி தன் மொழியில் எழுதுகிறார். சாட்சி அதை வாசித்துப் பார்ப்பதே அபூர்வம். ஆனால் ஆண்டுகள் கழித்துக் கூண்டில், “இதை நீங்கள் போலீசிடம் சொல்லவில்லையே” என்ற கேள்விக்கு அந்தத் தாள்தான் அடிப்படை. அமெரிக்காவிலும் இது நடந்திருக்கிறது. 1996இல் 230 பேரோடு கடலில் விழுந்த டி.டபிள்யூ.ஏ. 800 விமான வழக்கில் 700க்கும் மேற்பட்ட சாட்சிகள். அதில் 250க்கும் அதிகமானவர்கள் வானில் ஒரு ஒளிக்கீற்றைப் பார்த்ததாகச் சொன்னார்கள். எஃப்.பி.ஐ. அதிகாரிகள் எழுதியது சாட்சிகளின் சொந்த வார்த்தைகளை அல்ல, தங்கள் சுருக்கத்தை. எரிபொருள் தொட்டி வெடித்தது என்று விசாரணை முடிந்தும், ஏவுகணைதான் என்று சொல்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சாட்சியின் சொல்லை முதல் நாளே அப்படியே பதிந்திருந்தால் அந்தச் சந்தேகத்தில் பாதியாவது குறைந்திருக்கும் என்பது எங்கள் எண்ணம்.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அங்கே சாட்சி தவறாகச் சொன்னால் அது மனித நினைவின் இயல்பு. இங்கே நம் சாட்சி தவறாகச் சொன்னால் அது சாதியின் இயல்பாகிவிடுகிறது. சரியாகச் சொன்னாலும் சில சமயம் தப்புவதில்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசையில் எரிக்கப்பட்டார்கள். பிழைத்தவர்கள் பார்த்ததைச் சொன்னார்கள். நாகப்பட்டினம் நீதிமன்றம் தண்டித்தது. 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் நிலவுடைமையாளர்களை விடுவித்தது. பெரும் நிலம் வைத்திருப்பவர்கள், கார் வைத்திருப்பவர் உட்பட, ஆட்களை அனுப்பாமல் தாங்களே நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்பது நம்பத்தக்கதாக இல்லை என்கிற போக்கில் அந்தத் தீர்ப்பு போனது. பார்த்தவர் எத்தனை தூரத்தில் நின்றார், வெளிச்சம் இருந்ததா என்பதைவிட, குற்றம் சாட்டப்பட்டவர் எப்படிப்பட்டவர் என்பது அங்கே கனமானதாகிவிட்டது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கோகுல்ராஜ் வழக்கு. 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலில் அவரோடு இருந்த முக்கிய சாட்சி, விசாரணையில் பிறழ் சாட்சியானார். 2022 இறுதியில் உயர் நீதிமன்றமே அவரை அழைத்துக் கோயிலின் சிசிடிவி காட்சியைக் காட்டியபோதும், அதில் இருப்பது தான் இல்லை என்றார். அந்தப் பெண்ணைத் திட்டி எழுதியவர்கள் நம் பக்கத்திலும் உண்டு. எந்த அச்சத்தில் ஒருவர் தன் முகத்தையே தன்னுடையது இல்லை என்று சொல்வார் என்பதை யோசித்தால் திட்ட வாய் வராது. அந்த வழக்கில் கேமராதான் கறுப்புப் பெட்டி. அது மிரட்டலுக்குப் பயப்படாது. 2022 மார்ச்சில் யுவராஜுக்கும் மற்றவர்களுக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது; 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் யுவராஜின் தண்டனையை உறுதி செய்தது.

அதனால் எல்லாவற்றையும் இயந்திரத்திடம் விட்டுவிடலாமா? அகமதாபாத்தில் கறுப்புப் பெட்டி கிடைத்தது. விமானி ஒருவர் மற்றவரிடம் ஏன் எரிபொருளை நிறுத்தினாய் என்று கேட்கிறார். நான் நிறுத்தவில்லை என்கிறார் மற்றவர். அறிக்கை இதைத் தன் சொற்களில் ஒரே ஒரு வரியாகச் சொல்கிறது. கேட்டது யார், பதில் சொன்னது யார் என்று சொல்லவில்லை. அந்த ஒரு வரியை வைத்துப் பெயர் சொல்லாத ஆதாரங்களின் பேரில் வெளிநாட்டுப் பத்திரிகைகள் தலைமை விமானியைச் சுட்டின. இறந்தவர் வந்து மறுக்க முடியாது. தொண்ணூறு வயதைக் கடந்த அவருடைய தந்தை உச்ச நீதிமன்றம் போனார். மகன் மீது பழி என்ற பாரத்தை நீங்கள் சுமக்க வேண்டாம் என்று 2025 நவம்பரில் நீதிபதிகள் அவரிடம் சொன்னார்கள். சரியான சொல். அந்த முதியவருக்கு அது கிடைத்ததில் நமக்கு நிறைவுதான்.

அந்தச் செய்தியைப் படித்தபோது அன்னவாசல் பக்கம் நினைவு போகாமல் இருக்குமா?

2022 டிசம்பர் 26. இறையூர் வேங்கைவயலில் நம் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டித் தண்ணீரில் மலம். குழந்தைகளுக்கு உடம்புக்கு முடியாமல் போனபிறகுதான் தொட்டியில் ஏறிப் பார்த்தார்கள். அடுத்த மாதம் வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. மரபணுச் சோதனை, குரல் சோதனை, ஓய்வு பெற்ற நீதிபதி சத்தியநாராயணன் தலைமையில் ஒருநபர் ஆணையம். இரண்டாண்டு கழித்து, 2025 ஜனவரியில் குற்றப்பத்திரிகை வந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் அதே வேங்கைவயலின் நம் இளைஞர்கள் மூவர். கெட்ட தண்ணீரைக் குடித்த குடும்பங்களின் பிள்ளைகள்.

ஆதாரமாகச் சொல்லப்பட்டவற்றில் முக்கியமானவை போன்களில் இருந்த படங்களும் உரையாடல்களும். தொட்டிக்குள் என்ன இருக்கிறது என்று ஏறிப் பார்த்து, அதை உலகத்துக்குக் காட்ட எடுத்த படங்கள் என்கிறார்கள் மக்கள். செய்தவர்களே எடுத்தது என்கிறது விசாரணை. ஒரே படம், இரண்டு வாசிப்பு. எங்கள் வட்டத்தில் ஒரே வீடியோவில் ஃபிளாப் இறங்கியதையும் இறங்காததையும் பார்த்தோமே, அது போல. ஆனால் இங்கே அதைச் சோதிக்க வேண்டிய நீதிமன்றம் வாய் திறக்கும் முன்பே அந்தப் படங்களும் ஆடியோக்களும் வாட்ஸ்அப்பில் ஓடின. டி.வி. விவாதங்களில் தீர்ப்பு எழுதப்பட்டது. விபத்து விசாரணைக்கான சர்வதேச விதிகள், விமானி அறைக் குரல் பதிவையும் சாட்சிகளின் வாக்குமூலங்களையும் வெளியில் விடாமல் காக்கச் சொல்கின்றன. விசாரணையின் நோக்கம் பழி போடுவது அல்ல, மீண்டும் நடக்காமல் தடுப்பது என்றும் சொல்கின்றன. வேங்கைவயலுக்கு அப்படி ஒரு காப்பும் இருக்கவில்லை.

இன்னொன்று சத்தமில்லாமல் நடந்தது. இருதரப்பும் ஒரே சமூகம், எனவே வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்தாது என்ற வாதத்தின் பேரில், 2025 பிப்ரவரியில் வழக்கு சிறப்பு நீதிமன்றத்திலிருந்து நீதித்துறை நடுவர் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. இதில் என்ன போகிறது என்று பலர் கேட்டார்கள். அந்தச் சட்டத்தில் 2016 முதல் 15-ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் பாதுகாப்பு, பயணச் செலவு, வழக்கின் ஒவ்வொரு கட்டத்திலும் தகவல் பெறும் உரிமை, விசாரணையை வீடியோவில் பதிவது எல்லாம் அதில் வருகிறது. சட்டம் விலகினால் சாட்சிக்கான இந்தக் கூரையும் சேர்ந்தே விலகுகிறது.

அந்த மூவர் குற்றமற்றவர்கள் என்று நாம் சத்தியம் செய்யவில்லை. நாமும் அந்தத் தொட்டிமேல் இல்லை. ‘நம்ம பிள்ளை செய்திருக்க மாட்டான்’ என்பதும் வெண்மணித் தீர்ப்பின் தர்க்கம்தான், திருப்பிப் போட்டது. நாம் கேட்பது வேறு விசாரணை அமைப்பு, எல்லா ஆதாரமும் திறந்த நீதிமன்றத்தில் சோதிக்கப்படுவது, அதுவரை யாருடைய குரலும் தெருவில் ஒலிபரப்பாகாமல் இருப்பது.

நம் கையில் இருக்கும் வேலையையும் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் அடுத்த முறை போகப்போவது நீங்கள். சாட்சிகளை ஒன்றாக உட்காரவைக்காதீர்கள். ஆளுக்கொரு தாள், ஆளுக்கொரு இடம். “எத்தனை பேர் அரிவாளோடு வந்தார்கள்?” என்று கேட்டால், அரிவாளை நீங்கள் கொடுத்துவிட்டீர்கள். 1974இல் எலிசபெத் லாஃப்டஸ் என்ற உளவியலாளர் கார் மோதும் படத்தைக் காட்டி, ‘மோதியபோது’ என்று சிலரிடமும் ‘நொறுங்கியபோது’ என்று சிலரிடமும் வேகத்தைக் கேட்டார். நொறுங்கியது என்று கேட்கப்பட்டவர்கள் அதிக வேகம் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்ததாக அவர்களில் அதிகம் பேர் சொன்னார்கள். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை. “அப்புறம் என்ன ஆச்சு, ஆயா?” போதும். விளக்கு வைக்கிற நேரம் என்றால் அப்படியே எழுதுங்கள். மணியாக மாற்றாதீர்கள். எங்கே நின்றார், நடுவில் சுவரோ மரமோ இருந்ததா, தெருவிளக்கு எரிந்ததா என்பதைக் குறியுங்கள். எதைப் பார்க்கவில்லை என்று சொன்னாரோ அதையும் குறியுங்கள். நாளைக்கு அவரைக் காப்பாற்றப் போவது அதுதான். முக்கிய சாட்சி என்றால், புதிய சட்டத்தின் 183ஆம் பிரிவின்கீழ் நடுவர் முன் வாக்குமூலம் பதிய வழக்கறிஞர் மூலம் சீக்கிரமே முயலுங்கள். சாட்சியின் முகத்தோடு வீடியோ எடுத்து அன்றிரவே ஸ்டேட்டஸ் வைக்கும் பழக்கத்தை, தயவுசெய்து, விட்டுவிடுங்கள். நமக்கு அது நூறு லைக். அந்த அக்கா மறுநாள் காலையில் அதே தெருவழியாகத்தான் வேலைக்குப் போக வேண்டும்.

எங்கள் வட்டத்தில் இப்போது புதிதாக ஒரு பயிற்சி நடக்கிறது. மன்னர் கல்லூரியிலிருந்து வரும் தம்பிகள் இருவர் முன்கூட்டிச் சொல்லாமல் உள்ளே வந்து சண்டை போடுவது போல் நடித்துவிட்டுப் போய்விடுவார்கள். மற்றவர்கள் தனித்தனியாக உட்கார்ந்து பார்த்ததை எழுத வேண்டும். முதல் நாள் பதினோரு தாள்களில் நான்கில் கத்தி இருந்தது. அவர்கள் கையில் இருந்தது ஒரு செல்போன் சார்ஜர். வானத்தில் தீயைப் பார்த்த அந்த மாணவியின் தாளில் மட்டும் ‘கையில் ஏதோ இருந்தது, என்னவென்று தெரியவில்லை’ என்று இருந்தது.